பனியன் சிட்டி டு பனியாறு: நார்வே வட கடலோரத்தில் ஒரு ரோடு ட்ரிப்... தமிழர்கள் மீன் வெட்டிய ஊர்கள் வழியே!

சிவப்பு பெயின்ட் அடித்த மர வீடுகள், கண்ணாடி போன்ற கடல், பின்னால் செங்குத்தாக எழும் பனிமலை. இன்ஸ்டாகிராமில் 'ட்ராவல்' என்று தேடினால் ஐந்தாவது ரீலிலாவது இந்தக் காட்சி வந்துவிடும். பெரும்பாலும் அது நார்வேயின் லோஃபோட்டன் தீவுகள். கீழே கமென்ட்டில் யாராவது ஒருவர் நண்பரை டேக் செய்து, "மச்சி, ஒரு நாள் போறோம்" என்று எழுதியிருப்பார்.

திருப்பூரில் மெர்ச்சண்டைசிங், டாக்குமென்டேஷன், குவாலிட்டி என்று வருடம் முழுக்க ஐரோப்பாவின் கடிகாரத்துக்கு வேலை பார்க்கும் இளைஞர்களுக்கு அந்தக் கண்டம் புதிதல்ல. 'பையர்' என்ற பெயரில் தினமும் மெயிலில் வந்து போகிறது. இந்தியாவுக்கும் நார்வே, சுவிட்சர்லாந்து, ஐஸ்லாந்து, லீக்டென்ஸ்டைன் ஆகிய 4 நாடுகளுக்கும் இடையே 2024 மார்ச் 10-ல் கையெழுத்தான இஎஃப்டிஏ வர்த்தக ஒப்பந்தம், 2025 அக்டோபர் 1 முதல் அமலுக்கும் வந்துவிட்டது.

ஆனால், அந்த ரீல்ஸில் வராத ஒரு விஷயம் இருக்கிறது. இந்தப் பனிக் கடலோரத்துக்குத் தமிழர்கள் முதலில் போனது டூரிஸ்ட்டாக அல்ல. மீன் ஃபேக்டரியில் வேலை பார்க்க. ரூட், பனியாறு, மீன், விசா, டிரைவிங் ரூல்ஸ், டிரெஸ் எல்லாவற்றோடும் அந்தக் கதையையும் சேர்த்துப் பார்த்துவிடலாம்.

முதலில், இது எங்கே இருக்கிறது?

திருப்பூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 11 டிகிரியில் இருக்கிறது. நாம் பேசப்போகும் ட்ரோம்சோ நகரம் கிட்டத்தட்ட 70 டிகிரியில். ஆர்க்டிக் வட்டம் தொடங்குவது 66.5 டிகிரியில். அதாவது ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டி வடக்கே இருக்கும் கடலோரம் இது.

நார்லாந்து, ட்ரோம்ஸ், ஃபின்மார்க் என மூன்று மாகாணங்கள். இதில் கடைக்கோடி ஃபின்மார்க்கை மட்டும் எடுத்துக்கொள்வோம். பரப்பளவு சுமார் 48,000 சதுர கிலோமீட்டர். நம் திருப்பூர் மாவட்டத்தைப் போல 9 மடங்கு. மக்கள்தொகை? சுமார் 75,000 பேர்தான். திருப்பூர் மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படியே 24.79 லட்சம் பேர். இந்த ஒரு கம்பேரிசன் போதும், அங்கே சாலைகள் எவ்வளவு காலியாக இருக்கும் என்பதைப் புரிந்துகொள்ள.

இவ்வளவு வடக்கே கடல் உறைந்துபோகாதா?

இல்லை. இந்தக் கதையின் அடிப்படையே அதுதான். மெக்சிகோ வளைகுடா பக்கமிருந்து கிளம்பும் வெப்ப நீரோட்டம் அட்லான்டிக்கைக் கடந்து நார்வே கரையோரமாக வடக்கே பாய்கிறது. அதனால் இதே உயரத்தில் இருக்கும் கிரீன்லாந்தும் வட கனடாவும் உறைந்து கிடக்கும்போது, இங்கே குளிர்காலத்திலும் துறைமுகங்கள் திறந்திருக்கின்றன. கடல் திறந்திருப்பதால் மீன்பிடி உண்டு. மீன்பிடி இருப்பதால்தான் இங்கே ஊர்களே உண்டு.

சூரியன்தான் வேறு கணக்கு. ட்ரோம்சோவில் மே 20 வாக்கில் இருந்து ஜூலை 22 வரை சூரியன் மறைவதே இல்லை. நள்ளிரவு 12 மணிக்கும் கூலிங் கிளாஸ் போடலாம். அதற்கு நேரெதிராக நவம்பர் 27 வாக்கில் இருந்து ஜனவரி 15 வரை சூரியன் எழுவதே இல்லை. வானத்தில் பச்சை நிறத்தில் ஆடும் வடதுருவ ஒளி வேண்டும் என்றால் செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை. ரோடு ட்ரிப் என்றால் ஜூன் முதல் செப்டம்பர் முதல் வாரம் வரைதான் சேஃப். இரண்டையும் ஒரே ட்ரிப்பில் பார்க்க முடியாது. ப்ளான் போடும்போதே ஒன்றை விட்டுவிட வேண்டும்.

ரூட் என்ன?

ஓஸ்லோவிலிருந்து ட்ரோம்சோவுக்குச் சாலை வழி 1,600 கிலோமீட்டருக்கும் மேல். விமானத்தில் சுமார் 2 மணி நேரம். எனவே ட்ரோம்சோ வரை பறந்து, அங்கே கார் எடுப்பது நல்லது. அங்கிருந்து இரண்டு திசைகள்.

தெற்கே: ட்ரோம்சோவிலிருந்து லோஃபோட்டனின் ஸ்வோல்வார் நகரம் சுமார் 420 கிலோமீட்டர். கிட்டத்தட்ட திருப்பூர் – சென்னை தூரம். அங்கிருந்து இ10 சாலை தீவுக்குத் தீவு பாலத்திலும் சுரங்கத்திலும் தாவி, இன்னும் 130 கிலோமீட்டர் ஓடி ஒரு கிராமத்தில் முடிகிறது. அந்தக் கிராமத்தின் பெயர் 'ஓ'. நார்வே மொழியிலும் ஒரே எழுத்து, தமிழில் எழுதினாலும் ஒரே எழுத்து. அவர்கள் அரிச்சுவடியில் அதுதான் கடைசி எழுத்து. சாலைக்கும் அதுதான் கடைசி ஊர்.

வடக்கே, கிழக்கே: ட்ரோம்சோ, லிங்கென் மலைத்தொடர், ஆல்டா, ஹாமர்ஃபெஸ்ட், ஹோனிங்ஸ்வோக், நோர்ட்காப், பிறகு கிழக்குக் கோடியில் வார்டோ. ஆல்டாவிலிருந்து நோர்ட்காப் முனைக்கு சுமார் 240 கிலோமீட்டர். கடைசிப் பகுதியில் கடலுக்கு அடியில் 6.87 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் வரும். 1999-ல் திறக்கப்பட்டது, கடல் மட்டத்துக்குக் கீழே 212 மீட்டர் வரை இறங்கி ஏறும். வார்டோவுக்கும் அப்படித்தான் போக வேண்டும். 1982-ல் திறக்கப்பட்ட அந்தச் சுரங்கம்தான் நார்வேயின் முதல் கடலடிச் சாலைச் சுரங்கம். வார்டோ எவ்வளவு கிழக்கே என்றால், இஸ்தான்புல்லைவிடக் கிழக்கே.

இரண்டு திசையையும் சேர்த்தால் 1,600 கிலோமீட்டருக்கு மேல் போகும். 8 நாள் லீவில் இரண்டையும் தொட நினைத்தால் காரிலேயே காலம் போய்விடும். ஒரு வாரம் என்றால் லோஃபோட்டன் மட்டும். 14 நாள் கிடைத்தால் இரண்டும்.

டிரைவிங் வேண்டாம் என்பவர்களுக்கு கப்பல் இருக்கிறது. பெர்கனிலிருந்து ரஷ்ய எல்லை அருகே இருக்கும் கிர்கெனெஸ் வரை 34 துறைமுகங்களைத் தொட்டுச் செல்லும் கடலோரக் கப்பல் சேவை 1893-ல் தொடங்கியது. இன்றும் உள்ளூர் ஆட்கள், சரக்கு, டூரிஸ்ட் எல்லோரும் அதில்தான் போகிறார்கள்.

பனியாறு என்றால் என்ன? பனிப்பாறையேதானா?

இரண்டும் வேறு. மலை மேல் விழும் பனி உருகாமல் வருடக்கணக்கில் சேர்ந்து, மேலிருக்கும் எடையால் இறுகிப் பனிக்கட்டியாகி, தன் எடையாலேயே மெல்லக் கீழே நகர்ந்தால் அதுதான் பனியாறு. பெயரில் ஆறு இருப்பது சும்மா இல்லை. அது உண்மையிலேயே ஓடுகிறது, ஆனால் நம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில். அதன் நுனி உடைந்து கடலில் மிதந்தால் அது பனிப்பாறை. நீல நிறமாகத் தெரிவதற்குக் காரணம், இறுகிய பனிக்கட்டி சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு நீலத்தை வெளியே விடுவதுதான்.

இந்த ரூட்டில் மூன்று இடங்கள் முக்கியம்.

ஒன்று, ஸ்வார்ட்டிசன். போடோ நகரத்துக்குத் தெற்கே, 17-ம் எண் கடலோரச் சாலையில் வரும். லோஃபோட்டனிலிருந்து படகில் போடோ வந்து இறங்கினால் போகலாம். நார்வேயின் இரண்டாவது பெரிய பனிப்பரப்பு இது. இதன் ஒரு கிளையான எங்காபிரேனுக்கு அடியில், சுமார் 200 மீட்டர் பனிக்குக் கீழே, ஓர் ஆய்வுக்கூடமே இருக்கிறது. நீர்மின் திட்டத்துக்காகக் குடைந்த சுரங்கங்கள் வழியே விஞ்ஞானிகள் பனியாற்றின் அடிவயிற்றுக்கே போய் அளவெடுக்கிறார்கள்.

இரண்டு, லிங்கென் மலைத்தொடரில் இருக்கும் ஸ்டைன்டால்ஸ்பிரேன். போக வர சுமார் 15 கிலோமீட்டர் நடை. ஏற்காடு, வால்பாறை டிரெக்கிங் போய்ப் பழகியவர்களால் நல்ல ஷூவும் ஒரு முழு நாளும் இருந்தால் முடியும்.

மூன்று, ஓக்ஸ்ஃபியோர்ட்யோக்கெலன். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஊர் வந்துவிடும். இ6 சாலையிலிருந்து சற்று விலகி யோக்கெல்ஃபியோர்ட் என்ற கடல் கழிக்குப் போனால் பார்க்கலாம். நார்வேயின் நிலப்பரப்பில், பனிக்கட்டியை நேராகக் கடலுக்குள் உடைத்துப் போட்டுக்கொண்டிருந்த கடைசிப் பனியாறு இதுதான்.

'இருந்த' என்ற சொல்லைக் கவனித்திருப்பீர்கள். பனியாறுகள் பின்வாங்கிக்கொண்டே போகின்றன. நார்வேயின் பனியாறுகளைச் செயற்கைக்கோள் படங்களை வைத்து அளந்ததில், 2018-19 நிலவரப்படி மொத்தப் பரப்பு சுமார் 2,328 சதுர கிலோமீட்டர். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்த கணக்கைவிட இது 14 சதவீதம் குறைவு. 2025-ஐ பனியாறுகள் பாதுகாப்புக்கான சர்வதேச ஆண்டாக ஐ.நா. அறிவித்தது, மார்ச் 21 இனி ஒவ்வோர் ஆண்டும் உலகப் பனியாறு தினம்.

ஒரு எச்சரிக்கை. பனியாற்றின் முகப்பில் நின்று செல்ஃபி எடுக்கும் ஆசை வரும், வேண்டாம். அது நகரும் பொருள். எந்த நேரமும் வீடு அளவு துண்டு உடைந்து விழலாம். 2014-ல் மேற்கு நார்வேயின் நிகார்ட்ஸ்பிரேன் பனியாற்றில், பாதுகாப்புத் தடுப்பைத் தாண்டிப் போன ஜெர்மன் தம்பதி, பனிக்கட்டி சரிந்து இறந்துபோனார்கள். அவர்களின் பிள்ளைகளும் உடன் வந்திருந்தனர். பனி மேல் நடக்க ஆசை என்றால் கயிறு, முள் ஷூ, கைடு மூன்றும் கட்டாயம்.

இந்த ஊர்கள் எதை நம்பிப் பிழைக்கின்றன?

காட் மீனை. குளிர்காலத்தில் பேரன்ட்ஸ் கடலில் இருந்து காட் மீன்கள் முட்டையிட லோஃபோட்டனுக்கு வருகின்றன. ஜனவரி முதல் ஏப்ரல் வரை இந்த சீசன். அப்படி வரும் மீனுக்கு 'ஸ்க்ரெய்' என்று தனிப் பெயர்.

பிடித்த மீனின் தலையை எடுத்து, வயிற்றைச் சுத்தம் செய்து, இரண்டிரண்டாக வாலில் கட்டி, மரச் சட்டங்களில் வெளியே தொங்கவிட்டுவிடுவார்கள். அவ்வளவுதான். உப்பு கிடையாது, புகை கிடையாது. நம் நாகப்பட்டினம், ராமேஸ்வரம் கருவாட்டுக்கு வெயிலும் உப்பும் வேலை செய்கின்றன. அங்கே குளிர்ந்த காற்றே போதும். அதிகம் குளிர்ந்தால் மீன் உறைந்து நார் கெட்டுவிடும். சூடானால் ஈ மொய்த்துவிடும். பூஜ்ஜியத்துக்குச் சற்று மேலும் கீழுமாக வாரக்கணக்கில் நிற்கும் லோஃபோட்டன் குளிர்தான் அந்தக் கருவாட்டின் ரகசியம். மே, ஜூன் வரை காயும். நல்ல சரக்கு இத்தாலிக்கும், தலைகள் நைஜீரியாவுக்கும் போகின்றன. இத்தாலி கனெக்ஷன் பழசு: வெனிஸ் வணிகர் பியெத்ரோ குவெரினியின் கப்பல் புயலில் சிதைந்து, 1432-ல் லோஃபோட்டன் பக்கத்து ரோஸ்ட் தீவில் கரை சேர்ந்தபோது இந்த மீனை ருசி பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்பினார்.

சீசனில் போனால் பள்ளிப் பிள்ளைகள் கத்தியோடு உட்கார்ந்து மீன் நாக்கு வெட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். பழைய வழக்கம். அந்த வருமானம் பிள்ளைகளுக்கே.

ஆனால் மீனும் கையிருப்புதான். பேரன்ட்ஸ் கடல் காட் மீனை நார்வேயும் ரஷ்யாவும் சேர்ந்து கோட்டா போட்டுப் பிடிக்கின்றன. 2025-க்கான கோட்டா 3.4 லட்சம் டன். 1991-க்குப் பிறகு அதுவரை போட்டதிலேயே அதுதான் குறைவு. கோட்டா குறைந்தால் ஃபேக்டரியில் ஷிஃப்ட் குறையும். ஆர்டர் குறைந்தால் ஓவர்டைம் நிற்பது எப்படி என்று திருப்பூருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதில் தமிழர்கள் எங்கிருந்து வந்தார்கள்?

யாழ்ப்பாணத்திலிருந்து. 1956-ல் அந்தோனி ராஜேந்திரம் என்ற யாழ்ப்பாணத் தமிழர் நார்வே வந்து சேர்ந்தார். நார்வேக்கு வந்த முதல் தமிழர் என்று அறியப்படுபவர் இவர்தான். மீன்பிடித் தொழில்நுட்பத்தைக் கற்று ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது அவர் எண்ணம். அது வீணாகவில்லை. 1967-ல் நார்வே மக்களின் உதவியோடு 'சீநோர்' என்ற அமைப்பு உருவாகி, யாழ்ப்பாணக் கடலோரத்தில் மீன்பிடித் தொழிலை வளர்க்க வேலை செய்தது. காரைநகரில் படகு கட்டும் தளம், குருநகரில் வலைத் தொழிற்சாலை என்று அது விரிந்தது. சிலோனின் 'சீ', நார்வேயின் 'நோர்' சேர்ந்த பெயர் அது.

அவர் மூலமாகவும் அவருக்குப் பின்னும் தமிழ் இளைஞர்கள் நார்வேயின் நாட்டுப்புற உயர்பள்ளிகளில் படிக்க வந்தார்கள். 1983 ஜூலை படுகொலைகளுக்குப் பிறகு வந்தவர்கள் படிக்க மட்டும் வரவில்லை, உயிர் பிழைக்க வந்தார்கள். 1980-களின் இறுதியில் அகதிகள் நாடு முழுக்கப் பல ஊர்களில் குடியமர்த்தப்பட்டனர். அதே காலத்தில் ஃபின்மார்க் மீன் ஃபேக்டரிகளில் கன்வேயர் பெல்ட் ஓரம் நிற்க ஆள் இல்லை. உள்ளூர் இளைஞர்கள் தெற்கே நகரங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மொழி தெரியாவிட்டாலும் அன்றே சம்பளம் தொடங்கும் வேலை அது ஒன்றுதான்.

அப்படித்தான் வெயில் ஊரில் பிறந்தவர்கள் வார்டோ, போட்ஸ்ஃபியோர்ட், ஹாமர்ஃபெஸ்ட், ஹோனிங்ஸ்வோக் போன்ற ஊர்களில் நூற்றுக்கணக்கில் குடியேறினார்கள். சூரியன் எழாத இரண்டு மாதங்கள், ஈரத் தரை, ரப்பர் பூட்ஸ், கையில் ஃபில்லெட் கத்தி. சில ஆயிரம் பேர் வாழும் ஊரில் நூறு தமிழர் இருந்தாலே அது கணிசமான பங்கு. பள்ளியில் பிள்ளைகள், கடையில் அரிசி மூட்டை, ஃபேக்டரியில் தமிழ் எல்லாம் வந்துவிடும்.

அந்த வாழ்க்கை உடம்பில் என்ன செய்தது என்பதை நார்வே மானுடவியலாளர் ஆன் சிக்ஃப்ரிட் கிரோன்செத் பதிவு செய்திருக்கிறார். வட நார்வேயின் மீன்பிடிக் கிராமம் ஒன்றில் தமிழ் அகதிகளோடு வாழ்ந்து அவர் செய்த ஆய்வு 2010-ல் புத்தகமாக வந்தது. தமிழர்கள் தலைவலி, உடம்பு வலி, சோர்வு என்று திரும்பத் திரும்ப டாக்டரிடம் போனார்கள். சோதனைகளில் பெரிதாக எதுவும் சிக்கவில்லை. சொந்தபந்தம், கோயில், திருவிழா, நாலு பேர் பேச்சு என்று ஒரு மனிதரைத் தாங்கிப் பிடிக்கும் எல்லாம் அறுந்துபோனதன் வலி அது என்று அவர் புரிந்துகொண்டார்.

இப்போது அவர்கள் எங்கே?

பெரும்பாலானோர் தெற்கே ஓஸ்லோ, பெர்கன் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். பிள்ளைகளின் படிப்பு, தமிழ்ப் பள்ளி, கோயில், சொந்தக்காரர்கள் எல்லாம் அங்கேதான். இன்று நார்வேயில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எழுதும் தமிழில் அந்த நாட்டின் பெயர் 'நோர்வே'.

இரண்டு பேரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். 'ஆடுகளம்' படத்தின் பேட்டைக்காரன் நினைவிருக்கிறதா? அந்தப் பாத்திரத்தில் நடித்த ஈழக் கவிஞர் வ.ஐ.ச.ஜெயபாலன் நார்வேயில் குடியேறியவர். இன்னொருவர் கம்ஷாஜினி குணரத்னம். 1988-ல் யாழ்ப்பாணத்தில் பிறந்து, 3 வயதில் நார்வே வந்தவர். குடும்பம் முதலில் வாழ்ந்தது ஹாமர்ஃபெஸ்டில். 2011-ல் உட்டோயா தீவுத் துப்பாக்கிச்சூட்டில் உயிர்தப்பியவர். 2015-ல் ஓஸ்லோவின் துணை மேயர், 2021-ல் நாடாளுமன்ற உறுப்பினர்.

தமிழர்கள் விட்டுப்போன இடத்துக்கு லிதுவேனியா, போலந்து போன்ற நாடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கிறது.

இது ஏன் திருப்பூர்க்காரர்களுக்கு முக்கியம்?

ஏனென்றால் இதே கதை நம் ஊரில் தலைகீழாக நடந்துகொண்டிருக்கிறது. ஒரு காலத்தில் மதுரை, தேனி, ராமநாதபுரம் பக்கமிருந்து வந்தவர்கள் ஓவர்லாக், ஃப்ளாட்லாக் மெஷின்களில் உட்கார்ந்தார்கள். இன்று பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வருபவர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். பீஸ் ரேட், லைன் வீடு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் கேட்கும் சொந்த மொழி. ஹோலிக்கோ சாத் பூஜைக்கோ ஊருக்குப் போனவர்கள் திரும்பி வரத் தாமதமானால் ஷிப்மென்ட் தேதி ஆடிவிடும் என்பது ஒவ்வொரு புரொடக்ஷன் மேனேஜருக்கும் தெரியும்.

ஃபின்மார்க் காட்டிய பாடம் நேரானது. வேலை கொடுத்தால் ஆள் வருவார். ஆனால் வேலை மட்டும் கொடுத்தால் ஆள் தங்க மாட்டார். பிள்ளைக்குப் பள்ளி, உடம்புக்கு முடியவில்லை என்றால் அவர் மொழியில் கேட்க ஒரு டாக்டர், பண்டிகைக்கு ஒரு இடம் இல்லாத ஊரை, முதல் வாய்ப்பு கிடைத்ததும் மனிதர்கள் விட்டுப்போவார்கள். அதில் நன்றிகெட்டதனம் ஒன்றும் இல்லை. அந்தப் பனிச் சாலையில் கார் ஓட்டிப் போகும்போது யோசிக்க வேண்டிய விஷயம் இது.

சரி, விசா?

நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஆனால் ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. எனவே ஷெங்கன் விசாவே போதும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ; சர்வீஸ் சார்ஜ் தனி. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். கோடை சீசனில் கடைசி நேரம் வரை காத்திருக்காதீர்கள். குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் டிராவல் இன்ஷூரன்ஸ் கட்டாயம்.

ஒரு டிப்ஸ்: இன்னும் வடக்கே இருக்கும் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கும் போக நினைத்தால், அது ஷெங்கனுக்கு வெளியே. திரும்பி நார்வேக்குள் வருவது இரண்டாவது நுழைவாகக் கணக்காகும். சிங்கிள் என்ட்ரி விசாவில் போனால் மாட்டிக்கொள்வீர்கள்.

நம்ம லைசென்ஸில் ஓட்டலாமா?

இந்திய லைசென்ஸோடு, ஆர்டிஓ கொடுக்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுத்துக்கொள்ளுங்கள். பரிவாகன் தளத்தில் விண்ணப்பிக்கலாம். ஓராண்டு செல்லும். வாடகைக் கார் கம்பெனிகள் பெரும்பாலும் இரண்டையும் கேட்கும். 25 வயதுக்குக் கீழ் என்றால் கூடுதல் கட்டணம் போடுவது வழக்கம்.

வண்டி எடுக்கும் முன் மனதில் பதிய வேண்டியவை:

– சாலையின் வலது பக்கம் ஓட்ட வேண்டும். ஸ்டியரிங் இடது பக்கம்.

– பட்டப்பகலிலும் ஹெட்லைட் எரிய வேண்டும். வருடம் முழுக்க.

– திறந்த சாலையில் பொதுவாக மணிக்கு 80 கி.மீ., ஊருக்குள் 50. அபராதம் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கும் அளவுக்குப் போகும்.

– பலகை இல்லாத சந்திப்பில் வலது பக்கமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். ஹாரன் அடித்து முந்துவது அங்கே பேச்சுக்கே இல்லை.

– மது வரம்பு 0.02 சதவீதம். அதாவது ஒரு பீர்கூட வேண்டாம்.

– டோல் கேட் கிடையாது. கேமரா நம்பர் பிளேட்டைப் படித்துவிடும். பில் பிறகு கார் கம்பெனி வழியாக வரும்.

– ரெய்ன்டீர் கூட்டமாக ரோட்டில் நிற்கும். நம் ஊர் மாடு மாதிரிதான், காத்திருங்கள். அவை காட்டு விலங்குகள் அல்ல, அப்பகுதியின் பூர்வகுடிகளான சாமி மக்களுக்குச் சொந்தமானவை. இடித்துவிட்டால் போலீஸுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

– அவசரத்துக்கு: தீ 110, போலீஸ் 112, ஆம்புலன்ஸ் 113.

குளிர்காலத்தில் போகும் பிடிவாதக்காரர்களுக்கு: நோர்ட்காப் செல்லும் கடைசிச் சாலையில் குறிப்பிட்ட நேரத்துக்கு, பனி அள்ளும் வண்டியின் பின்னால் வரிசையாகத்தான் போக முடியும். தனியாக விடமாட்டார்கள்.

டிரெஸ்? காட்டன் போதுமா?

இங்கேதான் பனியன் சிட்டிக்காரர்கள் கொஞ்சம் மனசைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டும். உடம்பை ஒட்டிப் போடும் முதல் லேயருக்கு காட்டன் வேண்டாம். நீங்கள் 180 ஜிஎஸ்எம் கோம்ப்டு சிங்கிள் ஜெர்சியைத் தடவிப் பார்த்தே சொல்பவராக இருக்கலாம். ஆனால் காட்டன் வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், காயத் தாமதமாகும். 35 டிகிரி வெயிலில் அந்த ஈரம் சுகம். 5 டிகிரி குளிரில் அதே ஈரம் உடம்புச் சூட்டை இழுத்துவிடும்.

ஃபார்முலா மூன்று லேயர். உள்ளே மெரினோ கம்பளி அல்லது பாலியஸ்டர். நடுவில் ஃப்ளீஸ். வெளியே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். ஜூலையிலும் மழையோடு 10 டிகிரிக்குக் கீழே இறங்கும். கெட்ட வானிலை என்று ஒன்று இல்லை, கெட்ட உடைதான் உண்டு என்று நார்வேக்காரர்கள் சொல்வார்கள்.

செலவு ரொம்ப ஆகுமா?

ஆகும். உலகின் காஸ்ட்லியான நாடுகளில் ஒன்று அது. ஆனால் குறைக்க வழி உண்டு. வேலி போடாத திறந்த வெளியில் யாரும் நடக்கலாம், தங்கலாம் என்பது 1957 முதல் அங்கே சட்டமே. மனிதர் வசிக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளி, ஒரே இடத்தில் இரண்டு இரவு வரை டென்ட் போடலாம். லோஃபோட்டனில் கூட்டம் அதிகமாகி, பல இடங்களில் தடைப் பலகை வைத்திருக்கிறார்கள், அதை மதியுங்கள். கடலில் தூண்டில் போட லைசென்ஸ் வேண்டாம். ஆனால் பிடித்ததை விற்கக் கூடாது. சூப்பர் மார்க்கெட்டில் அரிசியும் முட்டையும் வாங்கிச் சமைத்தால் ஹோட்டல் பில் பாதிக்கு மேல் மிச்சம். நாலு பேர் சேர்ந்து காரையும் பெட்ரோலையும் பங்கிட்டுக்கொண்டால் இன்னும் குறையும்.

போனால் எதைத் தவறவிடக் கூடாது?

நோர்ட்காப் முனையில் எல்லோரும் போட்டோ எடுப்பார்கள், எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து கிழக்கே 500 கிலோமீட்டருக்கும் மேல் இருந்தாலும், நாள் இருந்தால் வார்டோவுக்கும் போய்விடுங்கள். 17-ம் நூற்றாண்டில் 'சூனியக்காரர்' என்று பழி சுமத்திக் கொல்லப்பட்ட 91 பேருக்கு அங்கே 2011-ல் ஒரு நினைவிடம் திறந்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு ஜன்னல், ஒரு விளக்கு. ஃபின்மார்க்கில் பழைய கட்டடங்கள் அவ்வளவாக இல்லாததற்கும் ஒரு காரணம் உண்டு: 1944-ல் பின்வாங்கிய ஜெர்மன் படை ஊர் ஊராகக் கொளுத்திவிட்டுப் போனது. ஹோனிங்ஸ்வோக்கில் மிஞ்சியது தேவாலயம் மட்டும்தான்.

பிறகு அந்த ஊர்களின் துறைமுகத்துக்கு நடந்து போங்கள். மீன் இறக்கும் மேடை, ஐஸ் மெஷின் சத்தம், ஷிஃப்ட் முடிந்து ரப்பர் பூட்ஸோடு வெளியே வரும் ஆட்கள். அவர்கள் பேசுவது இன்று லிதுவேனியனாக இருக்கலாம். முப்பது வருடத்துக்கு முன் அதே வாசலில் கேட்டது யாழ்ப்பாணத் தமிழ். ரீல்ஸில் ஓடும் பாட்டை மியூட் செய்துவிட்டு இரண்டு நிமிடம் நின்று கேளுங்கள்.

விசா அப்பாயின்ட்மென்ட்டை மட்டும் இப்போதே பார்த்து வையுங்கள். ஜூன் மாத ஸ்லாட் சீக்கிரம் தீர்ந்துவிடும்.